பள்ளக்காணியைக் கேளாமல் வைத்த நாள்

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அம்மா இறந்தபின் குசினியில் சமையலைப் பார்க்கவென்று ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை வருமோ, உறவுகள் கோபிப்பார்களோ என்று பயந்து பயந்துதான் இந்த நினைவு மலருக்கு எழுதுகிறேன்.

அண்ணா ஈச்சிலம்பற்றில் பிறந்தார். இளவயதிலேயே கலப்பை பிடித்து எங்களை வளர்த்தார். பின்னர் வட்டவிதானையானார். எங்கள் வயல்வெளிக்கு எப்போது தண்ணீர் விடுவது, அறுவடை முடிந்து எப்போது மாடு மேய இறக்குவது என்பதெல்லாம் கூட்டத்தில் அவர் அறிவித்தால்தான் நடக்கும். பக்கம் சாயாதவர் என்று பெயர். அந்தப் பெயர்தான் வினையானது.

மூன்று மாத நெல்லும் உரப்பையும் வந்த காலம் அது. மேட்டுக்காணிக்காரர் எல்லோரும் மாறினார்கள். அந்தக் கட்டை நெல் பள்ளத்து வெள்ளத்தில் அமிழ்ந்துவிடும். அதனால் பள்ளத்தில் கிடந்த எங்கள் காணியிலும், பக்கத்துப் பொன்னம்மா அக்காவின் காணியிலும் மட்டும் உயரமான பழைய நெல்லே நின்றது. அது பிந்தித்தான் விளையும். உரம் இருக்க மாடு என்னத்துக்கு என்று சிலர் கதைத்தார்கள். மாடு மேய்ந்து எரு விழுந்தால்தான் மண் நிற்கும் என்று அண்ணா மல்லுக்கட்டினார். சரி, அப்படியென்றால் மாடு இறக்கும் நாளை முந்தி வையுங்கள் என்றார்கள். தன் நெல் பச்சையாய் நிற்குமே என்று சொல்ல அவருக்கு வெட்கம். தன் காணிக்காக நாளைத் தள்ளுகிறார் என்பார்களே! ஓம் என்றுவிட்டார்.

நாள் வந்தது. மூதூரிலிருந்து மாட்டுப் பட்டியோடு வந்தவர் கதிர் பால் கட்டி நிற்பதைக் கண்டு கலங்கிப்போனார்.

"பள்ளத்துப் பக்கம் விடாம மாட்டை மறிச்சு வைக்கிறன், விதானையார்."

"வேணாம். ஊருக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமோ?"

தன் பச்சை நெல்லைத் தானே வெட்டி மாட்டுக்குப் போட்டார். பொன்னம்மா அக்காவும் வெட்டவேண்டியதாயிற்று. கணவனை இழந்த அவருக்கு அந்தக் காணியை விட்டால் வேறொன்றுமில்லை. கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. பின்னேரம் எங்கள் வீட்டு வளவுக்கு வந்தார்.

"உங்கட நெல்லை நீங்கள் வெட்டலாம், அண்ணை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

அந்த வருடம் விதானை வீட்டில் பங்கீட்டுக் கூப்பன் அரிசி வெந்தது. பொன்னம்மா அக்கா வீட்டில் அதுவும் பல நாள் இல்லை. நாங்கள் தலைகுனிந்து நடந்தோம்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் நாள் குறிக்குமுன் அக்காவின் வாசல் படலையில் போய் நின்று, அந்த நாள் சரியோ என்று அண்ணா கேட்பார். அக்கா உள்ளிருந்தே பதில் சொல்வார். வாருங்கோ என்று ஒருநாளும் அழைத்ததில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணா சொன்னது இது:

"என்னைப் பற்றி எழுதினா அதையும் எழுது, தங்கச்சி. நல்லதை மட்டும் எழுதினா பொன்னம்மா வாசிச்சுச் சிரிப்பா."

அண்ணா இருக்கும்வரை பட்டி வந்தது. இனி வருமோ தெரியாது. உரம் கூடக்கூட மண் இறுகிக்கொண்டே போகிறது. யாரைக் கேட்டு நாள் வைப்பார்களோ என்பதும் என் பயம்.

அண்ணாவை இரவு பகலாய்ப் பார்த்த ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், மூதூரிலிருந்து வந்து அழுத பட்டிக்காரருக்கும் எங்கள் நன்றி. பொன்னம்மா அக்காவுக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். எந்த முகத்தோடு போவேனோ.