வெள்ளிக்கிழமை மாத்திரை

என் தலைமுடி கொட்டியதற்கு மாத்திரை காரணமா, வயது காரணமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்த முடியைக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்தது யார் என்று நன்றாகத் தெரியும். என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுகிறவள். பிலிமத்தலாவையில் கடை, வீடு, அறுபதைத் தாண்டிய வயதிலும் பிடரியில் தேங்காய் அளவுக்குக் கொண்டை. அந்தக் கொண்டையை அவள் தடவிக்கொண்டே பேசும்போது எனக்கு வயிறு பற்றி எரியும்.

எல்லாம் ஒரு மழை நாளில் தொடங்கியது. மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பேராதனை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பிறகு எலும்பையும் பரிசோதித்தார்கள். எலும்பு உள்ளுக்குள் நைந்துபோயிருக்கிறது, இனிமேல் விழுந்தால் இடுப்பே உடையலாம் என்றார் டொக்டர் அம்மா. கிழமைக்கு ஒரு மாத்திரை, ஏழு நாளைக்கு ஒன்று. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அதற்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, பிளேன்டீ குடிக்கவும் கூடாது. மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று நல்ல நாளான வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அந்த மாத்திரையை விளையாட்டாக எடுக்கவில்லை. என் அம்மா கூன் விழுந்து, கடைசிக் காலத்தில் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் செத்துப்போனார். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைக்கூட அவரால் அண்ணாந்து கும்பிட முடியவில்லை. அந்தக் கதி எனக்கு வரக் கூடாது. சாகிற வரைக்கும் நிமிர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சில மாதங்களில் முடி கொட்டத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை தலை முழுகினால் குளியலறைத் தண்ணீர் போகாமல் நிற்கும். குனிந்து அள்ளினால் கைநிறைய முடி. வகிடு அகன்று, நடுமண்டை வெளுத்துத் தெரிந்தது. பயந்துபோய் டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“அம்மா, தலைக்கு எப்ப ஊத்துறது?”

“வெள்ளிக்கிழமைதான்.”

“மாத்திரை?”

“அதுவும் வெள்ளிக்கிழமைதான்.”

சிரித்துவிட்டார். “அப்ப ஒரு கிழமையில கொட்டுற முடி முழுக்க அன்னைக்குத்தானே கையில வரும்! மாத்திரையாலயும் சிலருக்குக் கொட்டலாம், எல்லாருக்கும் இல்ல. இரத்தத்தையும் பாப்போம். நீங்களா மட்டும் நிப்பாட்ட வேணாம்.”

இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. முடி மட்டும் கொட்டியபடியே இருந்தது. மாத்திரைதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது என்றார் டொக்டர் அம்மா. சரி, முடிதானே, எலும்பு நின்றால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மதினியின் மகனுக்குப் பெண் அமைந்தது. வருடக்கணக்காக அந்தப் பையனுக்கு எதுவும் சரிவரவில்லை. மதினி ஏறாத கோயில் இல்லை, பார்க்காத சாத்திரக்காரன் இல்லை. கடைசியில் கம்பளையில் ஒரு நல்ல இடம் வந்தது. பரிசம் போடப் புறப்படுகிற அன்று சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டு முன்னறையில் நின்றோம். மதினி ஒவ்வொருத்தி தலையிலும் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“ஏம்மா, இத எதுல குத்துறது? மண்டையிலதான் குத்தணும் போல!”

முன்னறையே குலுங்கிச் சிரித்தது. சின்னப் பிள்ளைகள் வரை என் தலையை எட்டிப் பார்த்தார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய?

அதோடு விட்டாளா? சமையலறைக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: “அந்த இங்கிலீசு மாத்திரயத் தூக்கி அங்கிட்டு எறி. இல்லாட்டி கல்யாணத்தன்னைக்கு முன்னால வந்து நிக்காத. வீடியோவுல மண்டை மினுங்கும், சம்பந்தி வீட்டு ஆளுங்க என்ன நெனப்பாங்க? நீ சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்க. சீர்த்தட்ட என் மக தூக்கட்டும்.”

வாசிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் கணவர் அந்தப் பையனுக்குத் தாய்மாமன். தாய்மாமன் சீர் வரும்போது முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது தாய்மாமன் பெண்சாதி. எங்கள் சனத்தில் அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடையாது. பிள்ளை இல்லாத எனக்கு அந்தப் பையன் கல்யாணம்தான் என் வீட்டுக் கல்யாணம். அதில் என்னைச் சோற்றுப் பானைக்குப் பின்னால் நிறுத்தப் பார்த்தாள், பாவி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் குமுறினேன். “அக்கா வாய் அப்படித்தானே. விடு,” என்றார். அவர் அறுபதைத் தொட்ட பிறகும் அக்காவுக்குப் பயந்த தம்பி. விடுவதா? அடுத்த வெள்ளிக்கிழமை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எறிந்துவிட்டால் முடி திரும்ப வருமா என்று தெரியாது. எறிந்துவிட்டால் மதினி ஜெயித்துவிடுவாள் என்பது மட்டும் தெரியும். விழுங்கினேன். அரை மணி நேரம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

கல்யாணத்துக்கு முந்திய நாள் மாத்தளை அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறினேன். அம்மன் முன்னால் நின்று கும்பிட்டு, பொய்யில்லாமல் பேசிக்கொண்டேன்: “தாயே, முடி உனக்கு. மதினியை எனக்கு விட்டுவிடு.” பிறகு வெளியே போய் உட்கார்ந்து, இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் மழித்துக்கொண்டேன். சந்தனம் பூசியதும் தலை சில்லென்று இருந்தது. வீடு திரும்பிய என்னைக் கண்டு என் கணவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்.”

மறுநாள் கண்டி மண்டபத்துக்குள் அரக்குப் பட்டு உடுத்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மேளம்கூட ஒரு கணம் தடுமாறியது என்று நினைக்கிறேன். மதினியின் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணின் அம்மா பதறிப்போய் எழுந்து வந்தார்.

“என்னங்க இது? என்னா ஆச்சு?”

மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “எங்க மருமகனுக்குக் கல்யாணம் கூடி வரணும்னு மதினி ஏங்கி ஏங்கி அழுவாங்க. எனக்குப் பொறுக்கல. அம்மனுக்கு என் முடியக் குடுத்துட்டேன்.”

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “தம்பி பொஞ்சாதி இப்படிக் கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் சம்பந்தி!” என்று மதினியைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் மதினியைப் பார்த்தார்கள். அவள் என்ன செய்வாள்? வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். “ஆமா, எம்புள்ளைக்காகச் செஞ்சா,” என்று பல்லுக்கிடையில் சொன்னாள். அவள் உடம்பு ஆத்திரத்தில் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

வீடியோக்காரன் என்னை விடவே இல்லை. தாலி கட்டும்போது பக்கத்தில் நான், ஆராத்தி எடுக்கும்போது நான், எந்தப் படத்திலும் நடுவில் என் தலை மினுங்கிக்கொண்டிருக்கும். பிலிமத்தலாவைக்கு யார் வந்தாலும் மதினி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டத்தான் வேண்டியிருந்தது. காட்டும்போதெல்லாம் அந்தக் கதையையும் அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு வருடம் போனது. என் முடி வளர்ந்தது. முன்னைப் போல அடர்த்தி இல்லை, ஆனாலும் இருக்கிறது. மாத்திரையை ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை, மறுபடி விழவும் இல்லை. அப்போதுதான் மதினி, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எதையோ எடுக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டாளாம். படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. அதே வியாதி. அதே மாத்திரை.

மாத்திரைப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கை முதுகில், மறு கை கொண்டையில்.

“ஏம்மா, இதப் போட்டா முடி கொட்டுமா?”

டொக்டர் அம்மா எனக்குச் சொன்ன பதிலை அப்படியே சொல்லியிருக்கலாம். சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை என்று. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மாத்திரய மட்டும் விட்டுடாதீங்க மதினி. நீங்க நிமிர்ந்து நடக்கணும், நான் பாக்கணும். கொட்டினா கொட்டட்டும். உங்க மகனுக்காக நான் மொட்ட போடலயா? மாத்தளைக்கு பஸ் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்.”

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அவளுக்கு ஃபோன் போடுகிறேன். மாத்திரை போட்டாச்சா, நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாளா என்று விசாரிப்பேன். அதற்குப் பிறகு, முடி எப்படி இருக்கிறது மதினி என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும் வரை காத்திருப்பேன்.