ஒஃபன்பாக் தாய்க்குப் போட்ட கதிரை

ஒரு குளிர்காலம் முழுவதும் நான் மூன்று பேராக இருந்தேன். அதற்குக் காரணம் டென்மார்க்.

ஜேர்மனியில், பிராங்பேர்ட்டில் நான் படிப்பது ஸ்கந்திநேவிய இலக்கியம். கேட்பவர்களிடம் அம்மா “பிள்ளை வடக்கு மொழி படிக்கிறா” என்பார். அவர்கள் சமஸ்கிருதம் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்த அரையாண்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோபன்ஹேகன் தத்துவஞானி ஒருவர் என் தலைக்குள் குடிவந்துவிட்டார். மனிதர் தானே விரும்பிக் கேட்ட பெண்ணுக்கு மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதையே நினைத்து நினைத்து அலுமாரி நிறைய எழுதியவர். தடித்த புத்தகம் எழுதும் நாட்களில் நாடகக் கொட்டகைக்குப் பத்து நிமிடம் வந்து தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவாராம். ஊர் தன்னை வேலைவெட்டி இல்லாதவன் என்று நம்பவேண்டுமாம்! கேலிப் பத்திரிகை ஒன்று அவருடைய காற்சட்டையின் ஒரு கால் மற்றதைவிடக் கட்டை என்று படம் போட்டுப் போட்டே அவரைத் தெருவில் நிம்மதியாக நடக்கவிடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய புனைபெயர்கள். ஒரு பெயரில் ‘இரசித்து வாழ்’ என்பார். இன்னொரு பெயரில் ‘கடமையைச் செய்’ என்பார். மூன்றாவது பெயரில், ‘காரணம் கேட்காமல் குதி, நம்பிக்கை என்றால் அதுதான்’ என்பார். ஒருவர் மற்றவரை மறுப்பார். எல்லாம் ஒரே ஆள்.

இதை நான் சொல்லாத மனிதர் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகையை நடத்தும் அக்காவிடமும் சொன்னேன். அவர் காலையில் விமான நிலையத்தில் பாண் விற்பவர், மாலையில் பத்திரிகையின் ஆசிரியர், நிருபர், தபால்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய குசினி மேசையில் இருந்து நான் எழுத்துப்பிழை பார்ப்பேன். பிறந்தநாள் படங்கள், கோவில் பூசை நேரங்கள், எந்த அந்திராக்கை, அதாவது விண்ணப்பப் படிவத்தை, எப்படி நிரப்புவது என்ற விளக்கம், இவைதான் உள்ளடக்கம்.

ஒரு ஞாயிறு அக்கா சொன்னார்: “வருசக் கூட்டத்தோட பேப்பரை நிப்பாட்டப் போகினமாம். ஒருத்தரும் வாசிக்கிறேல்லையாம். சங்கத் தலைவர் அண்ணை சொல்லிப்போட்டார். கடைசியா வாசகர் கடிதம் எப்ப வந்தது எண்டு எனக்கே ஞாபகமில்லை.”

அவர் அழவில்லை. ஒரு வயதுக் குழந்தை ஒன்றின் படத்தைத் திரையில் நேராக்கிக்கொண்டே இருந்தார். அது முதலே நேராகத்தான் இருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் டென்மார்க்காரரின் கதையைத் தொடங்கினேன்.

“விசர் மனுசன்,” என்றார் அக்கா. “தன்னோட தானே சண்டை பிடிக்கிறதோ?”

“ஓம் அக்கா!”

“வீட்டில சண்டை பிடிக்க ஆள் இல்லைப் போல.”

“அதுதானே. மோதிரத்தைத் திருப்பிக் குடுத்திட்டாரே.”

வீட்டுக்குப் போனதும், வாசகர் கடிதம் எழுதவென்று மூன்று பெயர்களில் மூன்று மின்னஞ்சல் முகவரிகள் திறந்தேன். விவாதத்துக்கு ஒரு கேள்வி வேண்டும். எங்கள் ஆட்களுக்கு உயிர்போகிற கேள்வி எது? அழைப்பு வருகிற எல்லாக் கொண்டாட்டங்களுக்கும் போகவேண்டுமா என்பதுதான்.

‘உண்மைவிளம்பி’ எழுதினார்: மனிதன் இரசிக்கப் பிறந்தவன், ஆகவே ரோல்ஸ் நன்றாக இருக்கும் வீடுகளுக்கு மட்டும் போகவேண்டும். பக்கத்து நகரத்திலிருந்து ‘ஒரு தாய், ஒஃபன்பாக்’ மறுத்தார்: அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், நாங்கள் போகத்தான் வேண்டும், ரோல்ஸ் பச்சைத் தண்ணியில் பொரித்திருந்தாலும். ‘குளிர்காய்வோன்’ இருவரையும் கடந்தார்: அழைப்பே இல்லாவிட்டாலும் சீலையை உடுத்து, கண்ணை மூடி, S-பான் ரயிலில் ஏறு, எந்த மண்டபம் என்று இறங்கும்போது தெரியும்.

மூன்றையும் அக்கா அச்சிட்டார். அடுத்த ஞாயிறு எனக்கே வாசித்துக் காட்டினார். “இந்தத் தாய் நல்லா எழுதுறா, பிள்ளை. கொஞ்சம் வாயாடிதான்.”

அடுத்த மாதம் நான் எழுதாத ஒரு கடிதம் வந்திருந்தது. பெயர் ‘வெந்நீர்’. மூன்று பேரையும் வரிசையாக வெளுத்திருந்தார். உண்மைவிளம்பி தின்னி. குளிர்காய்வோனுக்கு வைத்தியம் தேவை. தாய் மொய் வாங்குவதற்காகவே பிள்ளை பெற்றவர். எனக்குத் தலை சூடாகிவிட்டது. நான் பத்திரிகையைக் காப்பாற்ற எழுதியவள். இப்போது வெந்நீரைத் தோற்கடிக்க மூன்று பக்கத்தாலும் எழுதினேன். விரிவுரையில் இருந்தபடியும் எழுதினேன்.

மாசி மாதம் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். “வருசக் கூட்டத்தில பட்டிமன்றம் வைக்கிறன். நாலு பேரையும் மேடையில ஏத்தினா வாசகர் இருக்கினமோ இல்லையோ எண்டு தலைவர் அண்ணை கண்ணால பாக்கட்டும்.”

உடனே நான் மூன்று மன்னிப்புக் கடிதங்கள் அனுப்பினேன். உண்மைவிளம்பிக்கு அன்றைக்கு வைத்தியரிடம் ரெர்மின் இருந்தது. குளிர்காய்வோன் நோர்வே போகிறார். தாய்க்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அக்கா தாய்க்குப் பதில் போட்டார்: ‘கவலைப்படாதேங்கோ. ஒஃபன்பாக்குக்குக் காரும் சக்கர நாற்காலியும் அனுப்புறன்.’

கூட்டத்தன்று பின்னேரம் மண்டபத்தில் பெயர் ஒட்டிய நான்கு கதிரைகள். நான்கும் வெறுமை. நடுவர் கதிரையில் தலைவர் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“மூண்டு பேரும் நான்தான்.”

உடனே டென்மார்க்கைத் தொடங்கினேன். புனைபெயர்கள், மோதிரம், நாடகக் கொட்டகை எல்லாம் சொல்லிக் காற்சட்டைக்கு வந்தபோது தலைவர் அண்ணை கையை உயர்த்தினார்.

“டென்மார்க் எண்டா, ஊசி நூல் போட்டு வைக்கிற பிஸ்கட் டின் நாடுதானே?”

“ஓம் அண்ணை.”

“சரி. அப்ப வெந்நீர் ஆர்?”

“அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டன்.”

அக்கா மெதுவாகப் படியேறி வந்து வெந்நீரின் கதிரையில் இருந்தார்.

“அக்கா! என்ர தாயை அப்பிடி எழுதினது நீங்களோ?”

“நீ எண்டு தெரிஞ்சிருந்தா இன்னும் கூட எழுதியிருப்பன். நீதானே டென்மார்க்காரனைச் சொல்லித் தந்தனீ!”

தலைவர் அண்ணை எழுந்தார். “அப்ப விசயம் முடிஞ்சுது. இந்தப் பேப்பருக்கு ரெண்டு பேர். எழுதுறதும் அவையள், வாசிக்கிறதும் அவையள். நிப்பாட்டுறம்.”

அக்கா பெயர்க் கடதாசியை உரிக்கத் தொடங்கினார்.

அப்போது ஐந்தாம் வரிசையில் ஊதாச் சீலை கட்டிய ஒரு அம்மா எழுந்தார். “பொறுங்கோ. ஒஃபன்பாக் தாய் நான்தான்.”

“இல்லை அம்மா, அது நான்…”

“நீ சும்மா இரு பிள்ளை. உனக்கு எத்தினை பிள்ளையள்?”

பக்கத்தில் இருந்த பெண்கள் அவருக்காகக் கத்தினார்கள். மார்கழியிலிருந்தே அந்தக் கடிதங்களுக்காக ஊர் அவரை வாழ்த்திக்கொண்டிருந்ததாம். ஒஃபன்பாக்கில் இவ்வளவு வாய் உள்ள தாய் வேறு யார்? முதல் இரண்டு பேருக்கு மறுத்துப் பார்த்தாராம். பிறகு கடிதங்களை மனப்பாடம் செய்துவிட்டாராம். அவர் விறுவிறென்று மேடையேறினார், முழங்காலில் ஒரு குறையும் இல்லை. தாயின் கதிரையில் இருந்து வெந்நீரைப் பார்த்தார். “மொய்க்காகப் பெத்தனானோ? சொல்லுங்கோ பாப்பம்!”

அதோடு மண்டபம் உடைந்தது. ரோல்ஸ் தட்டோடு ஒருவர் ஓடிவந்து உண்மைவிளம்பியின் இடத்தைப் பிடித்தார். குளிர்காய்வோனின் கதிரைக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள்; வென்றவர், அழைப்பில்லாமல் போய் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றார். என்னைப் படியால் இறக்கிவிட்டார்கள். தலைவர் அண்ணை மேசையைத் தட்டித் தட்டி, கடைசியில் பொறுமை இழந்து கத்தினார்: “குளிர்காய்வோன் அப்பிடிச் சொல்லேல்லை! தை மாசக் கடிதத்தில, ரெண்டாம் பந்தியில, அழைப்பில்லாமப் போறவன் சாப்பிடாம வரவேணும் எண்டு தெளிவா இருக்கு!”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“வாசிக்கிறேல்லை எண்டியள், அண்ணை?”

தலைவர் அண்ணை தண்ணீர் குடித்தார். கனநேரம் குடித்தார்.

பத்திரிகை இன்னும் வருகிறது. அடுத்த ஞாயிறு அக்காவின் மேசையில் ‘ஒரு தாய், ஒஃபன்பாக்’ அனுப்பிய கடிதம் கிடந்தது. நான் எழுதியதல்ல. பிள்ளை குட்டி இல்லாத சிலர் தாய்மாரின் பெயரில் எழுதித் திரிகிறார்கள், இது எந்த நாட்டுப் படிப்பு என்று கேட்டிருந்தார். அதில் ஒன்பது எழுத்துப்பிழைகள். எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தேன்.