பிரபுவின் காணி உறுதி

ரொறன்ரோவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, சீட்டுக் குலுக்கியதில் நான் இங்கிலாந்து அரசவைப் பிரபு ஆனேன். ஆசைப்பட்டதென்னவோ அரசி வேடத்துக்கு. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ரியூடர் அரச வம்சத்தின் அரண்மனையை நடித்துக் காட்டும் நாடகம் அது. பெற்றோரும் பார்க்க வருவார்கள். ரீச்சர் தந்த அட்டையில் என் வாழ்க்கை முழுவதும் எட்டே வரியில் இருந்தது. காலையில் அரசனுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பேன். அவன் கை கழுவினால் துவாய் பிடிப்பேன். அவன் பகிடி விட்டால் முதல் ஆளாகச் சிரிப்பேன். பதிலுக்கு அரசன் எனக்கு ஆயிரம் ஆடு மேயக்கூடிய நிலத்தைத் தருவான்.

"துவாய் பிடிச்சதுக்கோ இவ்வளவு காணி?" என்றார் அம்மா. பழைய ஜன்னல் சீலையைச் சேலைக்குக் கொசுவம் வைப்பது போல மடித்து மடித்து, என் கழுத்துக்குப் பெரிய வட்டக் கொலர் செய்துகொண்டிருந்தார். அதைக் கட்டினால் என் கால் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குக் கொலரில் அக்கறை இல்லை. காணி என்ற சொல் காதில் விழுந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உறுதி எங்கை?" என்று காணிப் பத்திரத்தைக் கேட்டார். வெறுந்தாள் ஒன்றைச் சுருட்டிப் பிடித்தால் போதும் என்றேன். எழுதிப் பதியாத காணியைப் பற்றி அப்பா கேள்விப்பட்டதே இல்லை போலும். வேலையால் களைத்து வந்த மனிதர், இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து, முத்து முத்தான தமிழில் பிரபுவுக்கு ஓர் உறுதி எழுதினார். இத்தனை பரப்பு, நான்கு பக்க எல்லைகள், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் அதில் வந்தன. இங்கிலாந்துப் பிரபு யாருடைய கிணற்றில் போய்ப் பங்கு கேட்கப் போகிறார்? எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

நாங்கள் விட்டுவிட்டு வந்த ஊர்க் காணி அந்த நாட்களில் இராணுவ முகாமின் வேலிக்குள் இருந்தது. அதில் ஆமிக்காரர் வெங்காயம் நட்டிருக்கிறார்கள் என்று யாரோ தொலைபேசியில் சொல்லப்போய், அப்பா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. வெங்காயம் இங்கே எங்கள் வீட்டுப் பக்கத்து அஜின்கோர்ட் கடைகளிலேயே மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே, அதற்கேன் பட்டினி கிடக்கிறார் என்று நான் குழம்பியிருந்தேன்.

நாடகத்தன்று அப்பா தொழிற்சாலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் நின்றார். அரசன் என் வகுப்புச் சீனப் பையன். வயிற்றில் தலையணை கட்டியிருந்தான். சட்டை கொடுத்தேன், துவாய் பிடித்தேன், சிரித்தேன். அரசன் உறுதியைத் தந்தான். அதற்குப் பிறகு, அட்டையின் கடைசி வரியில் உள்ளபடி, அவனுக்கு என் மேல் கோபம் வந்தது. நிலத்தைத் திருப்பிக் கேட்டான். நான் மண்டியிட்டு உறுதியை நீட்டினேன்.

"குடுக்காதை பிள்ளை!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்பா விறுவிறென்று மேடைக்கு வந்தார். இவளிடம் உறுதி இருக்கிறது, எந்தச் சட்டப்படி எடுக்கிறாய் என்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அரசனிடம் மிகவும் பணிவாகக் கேட்டார். பையன் ரீச்சரைப் பார்த்தான். ரீச்சர் அட்டையைப் பார்த்தார். கடைசியில், அழப்போகிற குரலில், நான்தானே அரசன் என்றான். அப்பா உறுதியை என் கையிலிருந்து எடுத்து, நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். எல்லோரும் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவரோடு பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் கோபம் பொங்கிவிட்டது. முதலில் அது அந்தப் பிரபுவின் நிலமே இல்லை என்றேன். அங்கே மடம் கட்டித் துறவிச் சாமிமார் இருந்தார்கள், அரசன் அவர்களைக் கலைத்துத் துரத்திவிட்டுத்தான் தன் ஆளுக்குக் கொடுத்தான், ரீச்சர் படிப்பித்தவர், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பொரிந்து தள்ளினேன்.

"கலைச்சுப்போட்டே குடுத்தவன்?"

"ஓம்."

அப்பா உறுதியை வெளியே எடுத்தார். தான் எழுதியதை வேறு யாரோ எழுதியது போல முதல் வரியிலிருந்து வாசித்தார். நாங்கள் இறங்கவேண்டிய இடம் வந்து போய்விட்டது. அவர் மணி அடிக்கவில்லை.

"பிறகு அந்தச் சாமிமாருக்குக் காணியைத் திருப்பிக் குடுத்தவங்களோ?" என்று கேட்டார்.

அப்பா என்னிடம் அப்படிக் கெஞ்சுவது போல எதையும் கேட்டதில்லை. அரசனின் தீர்ப்பை மாற்றி எழுதும் அதிகாரம் எனக்கு இருப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்றோ செத்துப்போன சாமிமார் மேல் இவருக்கென்ன திடீர்ப் பாசம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அது பாடத்திலை இல்லை அப்பா" என்று சொல்லி, அவரை மடக்கிவிட்ட திருப்தியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.