நான் கட்டிய ஏரி

திண்டிவனத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் மூவர் ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். கற்பனை நாட்டை உருவாக்கிக் கதை நடத்துவது நான். மற்ற இருவரும் ஆளுக்கோர் ஊரின் தலைவர்கள். செய்ய நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். வருவாய்த்துறையில் ஓய்வு பெற்றவன் என்பதால், என் நாட்டில் ஏரிக்கரைக்கும் விதிமுறை உண்டு.

அன்று கோட்டக்குப்பத்திலிருந்து வரும் சலீம், கதையில் வந்த வெள்ளத்திலிருந்து தன் ஊரைக் காப்பாற்ற ஏரிக்கரையை வெட்டினார். பகடையும் ஒத்துழைத்தது. கிளியனூரிலிருந்து வரும் குமாரின் கற்பனை ஊர் மூழ்கியது.

குமார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போன மழையில என் நெலத்துல மல்லாட்டைப் பயிர் மொத்தமும் அழுகிப் போச்சு. இங்கயும் வந்து முழுகிக்கினு இருக்கணுமா? இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

சலீமின் முகம் வெளுத்தது. "உட்காருங்கண்ணே! சார், கரை உடையலன்னு வச்சிக்கலாம்."

"விழுந்த பகடையை மாற்ற விதிமுறையில் இடமில்லை" என்றேன். குமார் வாசலுக்குப் போய்விட்டார்.

"அத்த எழுதினதே நீங்கதானே சார்!" என்று சலீம் கத்தினார்.

பணிக்காலத்தில் மனுவோடு வந்த எத்தனையோ பேரை இதே பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் விதிமுறை மேலிடத்திலிருந்து வந்தது. இங்கே மேலிடமும் நானே.

"கரை உடையவில்லை" என்றேன்.

ஒற்றைச் செருப்போடு குமார் திரும்பினார். "அப்ப தண்ணி எங்க நின்னுது?"

"கரைக்குள்ளேயே."

அதைச் சொல்ல எனக்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. அன்று மனுவோடு திரும்பிப் போனவர்களை நினைத்தால், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.