இறங்க விடாத கடல்

போன மாதம் ரெயூனியன் தீவுக்குப் போய் வந்தேன். உடனே பொறாமைப்படாதீர்கள்... கூட வந்தவர் சிவநேசன் அண்ணை!

பாரிஸ் லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவிலுள்ள சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்துரொட்டி போடுபவர். கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. அப்படிப்பட்ட மனிதர் விமான டிக்கெட் எடுக்கிறார் என்றால் காரணம் இருக்க வேண்டாமா?

இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மா காலமாகிவிட்டார். அண்ணை ஒரே மகன், ஆனால் அகதி. அவருடைய பயணப் பத்திரத்தில் உலகம் முழுக்கப் போகலாம் - இலங்கையைத் தவிர. செத்தவீட்டை ஃபோனில்தான் பார்த்தார். கொள்ளி வைத்தது தங்கையின் மகன்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடலிலை சாம்பல் கரைக்கேக்கை நானும் கடலுக்கை நிக்கவேணும்" என்றார். "ரெயூனியனும் இந்து சமுத்திரம்தானே தம்பி? பிரான்ஸ் மண், ஒருத்தரும் மறிக்கமாட்டினம். அதே தண்ணி. நீ கார் ஓடினால் காணும்."

நானும் ஒரு டிக்கெட் எடுத்தேன்.

அந்தியேட்டியன்று காலையிலேயே தீவின் தெற்குக் கரையோரமாகப் புறப்பட்டோம். சும்மா சொல்லக்கூடாது - அப்படியொரு சாலை! ஒரு பக்கம் மேகம் மூடிய எரிமலை, மறுபக்கம் கன்னங்கரிய பாறை, கீழே நீலக் கடல்... வளைவுக்கு வளைவு சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். அண்ணை வேட்டியோடு இறங்கி எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து ஏறுவார். எங்கும் செங்குத்துப் பாறை. கொஞ்சம் தாழ்ந்த இடமென்றால் குளிக்கத் தடை என்று பலகை. பலகை இல்லாத ஓரிடத்தில் இறங்கப் போனவரை, அலை வந்து மோதிய வேகத்தைப் பார்த்து நான் பிடித்து இழுத்துவிட்டேன். "விடடா!" என்று கத்தினார். விட்டிருந்தால் அந்த வீட்டில் இரண்டு சாவு.

வரைபடத்தில் எல்லாக் கடலும் ஒரே நீலம்தான். கரைக்கு வந்தால்தானே தெரிகிறது, நாங்கள் பிறந்த கடல் எவ்வளவு சாது என்று!

அப்போதுதான் ஃபோன் அடித்தது. கீரிமலையிலிருந்து, கொள்ளி வைத்த அதே மருமகன்.

"மாமா, சாம்பல் கரைக்கப் போறம். நீங்கள் இறங்கியாச்சோ எண்டு ஐயர் கேக்கிறார்."

அண்ணை பாறை உச்சியில், நனையாத வேட்டியோடு நின்றார்.

"ஓம் ராசா, இறங்கீட்டன். இடுப்பளவு தண்ணியிலை நிக்கிறன். நீ கரை."

"ஓம் மாமா, அலைச் சத்தம் இஞ்சை வரைக்கும் கேக்குது."

ஃபோனை வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டார். காரிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து, தலையில் ஊற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

"சாப்பிட்டியோ எண்டு கேட்டால் ஓம் எண்டுவன். எப்ப வாறாய் எண்டு கேட்டால் அடுத்த வருசம் எண்டுவன். அம்மாவுக்குக் காலம் முழுக்கப் பொய்தான் தம்பி சொன்னனான்... கடைசியிலை இதுவும்."

அம்மாக்கள் இதையெல்லாம் நம்பியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?