துணை மேயருக்கு ஸ்வீடிஷ் சொல்

பின்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் அந்தத் துறைமுக நகரத்தில் எந்த அறிவிப்பானாலும் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டிலும் வந்தாக வேண்டும். நகராட்சியில் ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பு, அதையே தாய்மொழியாகக் கொண்ட குன்னெலின் வேலை. அவள் புருஷன் வெய்யோ ஃபின்னிஷ்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், பல வருஷமாகக் கவுன்சிலர்.

ஜனங்கள் ஓட்டுப் போடுவது கவுன்சிலர்களுக்கு. மேயர் யார் என்பதைக் கட்சிகள் கூடிப் பேசி முடிவு செய்யும். பிறகு மன்றம் அதற்கு ஓட்டுப் போடும். அந்த வருஷம் வெய்யோவின் கட்சிதான் முதலில் வந்தது. அவன்தான் மேயர் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரும்பான்மைக்கு ஆள் போதவில்லை; பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

மன்றம் கூடும் நாள் காலையில் கட்சித் தலைவன் ரெய்மா குன்னெலுக்குப் போன் செய்தான்.

"துணை மேயர்ங்கிறதுக்கு உங்க மொழியில என்ன போடணும்? சாயங்காலம் திரையில காட்டணும்."

"பீத்ரேதன்தே போரிமெஸ்தரே. பக்கத்துல நின்னு உதவுற மேயர். யார் பேருக்கு முன்னாடி?"

"வெய்யோ பேருக்கு. துறைமுகத்துப் பள்ளிக்கூடத்த மூடவே விடமாட்டேன்னு நிக்கிறான். அவன் மேயர்னா மத்த கட்சிக்காரங்க யாரும் கூட்டுக்கு வரமாட்டேங்கிறாங்க. நான்தான் மேயர். கூட்டத்துக்கு முன்னாடி நானே அவன்கிட்ட சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத. இது ஆபீஸ் விஷயம்."

மதியம் சால்மன் சூப்புக்கு முன்னால் வெய்யோ புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். வெளியில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை ஸ்வீடிஷ் பேசக் கூச்சப்படுகிறவன், மேயரானதும் அதில் நன்றி சொல்ல ரெண்டு வரி மனப்பாடம் செய்திருந்தான்.

"உங்காளுங்க சிரிக்காம இருக்கணும். தப்புன்னா திருத்து."

அவள் திருத்தினாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் திருத்தினாள்.

ரெய்மா சொல்லவே இல்லை. மன்றத்துத் திரையில் பெயர்கள் வந்தன. ஃபின்னிஷ் வரியைப் படித்த வெய்யோ கீழே ஸ்வீடிஷ் வரியையும் படித்தான். மெல்லத் திரும்பி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். எழுந்து, "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"காலையில. அவன் சொல்லிடறேன்னான், வெய்யோ…"

"அவன் பண்ணது அரசியல். அத விடு. நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சிட்டிருந்தேன், நீ உக்காந்து உச்சரிப்பு திருத்தினியே."

அவள் கோட்டை வாங்கக் கை நீட்டினாள்; அவன் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் வெய்யோ கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, ஏரிப் பக்கம் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. விவாகரத்து என்ற பேச்சும் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். ஏரி உறைந்ததா, முதுகுவலி எப்படி என்று பேச்சு ஓடும். ஒரு தடவை தைரியம் வந்து, "உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள்.

"ஆமா," என்றான் வெய்யோ. "அடுப்புல காபி பொங்குது. போன வைக்கிறேன்."