றோசலின் அக்கா வாங்கிய தண்ணீர்

இன்று கணினிக் கடையில் மலிவாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் தேடி நின்றேன். பள்ளிமுனை ஊர் றோசலின் அக்கா வந்தார். அவர் வீட்டிலுள்ள கணினியை அவருடைய மகன் பிரான்சிலிருந்தே இணையம் வழியாக இயக்குகிறான். அதிலுள்ள வேகம் கூட்டிய கிராபிக்ஸ் கார்ட் சூடாகாமலிருக்க, குழாயில் தண்ணீர் ஓடும். குறைந்ததை நிரப்ப அந்தத் தண்ணீர் ஒரு போத்தல் கேட்டார்.

"அந்தக் கார்டை வித்துப்போடுங்கோ அக்கா, நான் எடுக்கிறன்" என்று காகம்போல மூக்கை நீட்டினேன்.

"நேற்று அவனும் விக்கத்தான் சொன்னவன். அங்க புதுசு வாங்கிட்டானாம்."

"பிறகென்ன?"

"தண்ணி குறைஞ்சுதோ எண்டு கேக்கத்தான் தம்பி அவன் கிழமைக்கு ஒருக்கா போன் எடுக்கிறவன். வித்தா, எதைக் கேக்க எடுப்பான்?"

போத்தலோடு போய்விட்டார்.

என் மகன் பக்கத்து அறையிலிருந்தே போன் எடுப்பான், வைஃபை கடவுச்சொல் கேட்க. உங்கள் பிள்ளைகள் எதற்கு எடுக்கிறார்கள்?